மனைவிக்கு இதுவரை கடனே இல்லை; சிபில் ஸ்கோரை எப்படி உருவாக்குவது?

சிபில் ஸ்கோர் என்பது ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்க சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண். முதலில், உங்கள் கிரெடிட் கார்டில் மனைவி பெயருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்குவதால் பெரிதாகப் பயனில்லை. இந்தியாவில் அந்தக் கணக்கு பொதுவாக முதன்மை அட்டைதாரரின் வரலாறாகவே பதிவாகும். பலர் இங்கேதான் இரண்டு வருடத்தை வீணடிக்கிறார்கள்.

சுலபமான வழி எஃப்.டி. கார்டு. அவர் பெயரில் ஒரு வைப்புநிதி போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். சம்பளச் சீட்டு பெரும்பாலும் தேவைப்படாது. பணம் நீங்கள் கொடுத்ததென்றால், வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்துதான் வரிக் கணக்கில் வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் மனைவிக்கு 25,000 ரூபாய்க்குப் போட்டோம். மாதாமாதம் கேஸ் சிலிண்டர், போன் ரீசார்ஜ் மட்டும் அதில். முதல் பில் 1,100 சொச்சம். வங்கியில் அவர் கணக்குக்கு என் போன் நம்பரைக் கொடுத்திருந்ததால் ஓடிபி எல்லாம் எனக்கே வந்தது; அதை மாற்றவே இரண்டு முறை கிளைக்கு அலைந்தோம். நீங்கள் அதை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல், 'மினிமம் டியூ' (பில்லில் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை) பக்கமே போகாமல் முழுத் தொகையையும் கட்டுங்கள். சுமார் ஆறு மாதத்தில் 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு ஸ்கோர் வந்துவிடும். சிபில் வருடம் ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் அவர் பான் எண்ணும் பெயரும் சரியா என்று பாருங்கள். அப்புறம் கூட்டு வீட்டுக்கடன் எடுத்தால் அது இருவர் அறிக்கையிலும் ஏறும், நீங்கள் தவறவிடும் தவணையும் சேர்த்து.