செங்கமலம் தோல் உரிக்கும் நாள்: வாசகர் கேள்வி, ஆசிரியையின் பதில்

(சென்ற இதழில் வந்த டாரண்டுலா சிலந்தி வளர்ப்புக் கட்டுரைக்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள். பதில் எழுதுபவர் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவர். இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியை. மெக்சிகோவைச் சேர்ந்த செம்முழங்கால் டாரண்டுலா ஒன்றைக் குஞ்சிலிருந்து வளர்த்துவருகிறார். அதன் பெயர் செங்கமலம்.)

கேள்வி: பிள்ளைகள் நடமாடும் வீட்டில் விஷச் சிலந்தியை வைத்துக்கொள்ள எப்படி மனம் வந்தது? கடித்தால் என்ன ஆகும்? (வாசகி, மதுரை)

செங்கமலத்துக்கு விஷம் உண்டு. ஆனால் அவள் இனத்தின் கடி பெரும்பாலும் தேனீ கொட்டிய அளவு வலியோடு முடிந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆபத்தான காட்டு விலங்குகளை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1976-இல் ஒரு சட்டம் வந்தது. சில சிலந்திகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, டாரண்டுலா இல்லை.

நான் அஞ்சுவது அவள் பல்லுக்கு அல்ல, முடிக்கு. அமெரிக்கக் கண்டங்களின் டாரண்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் நுண்ணிய முள்முடிகள் இருக்கும். மிரண்டால் பின்னங்காலால் பரபரவென்று தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் விழிக்குள் துளைத்துக்கொண்டு போகும். லீட்ஸ் நகரில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவருக்கு அப்படி ஆகி, அந்தச் செய்தி லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நான் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பெட்டியைத் திறப்பதே இல்லை. பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம்.

கையில் எடுத்துக் கொஞ்சுவீர்களா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன். அவள் வயிறு மெல்லிய தோலால் ஆனது. ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுந்தால் வெடித்துவிடும், பிழைக்கமாட்டாள். எனக்கு வரும் ஆபத்தைவிட அவளுக்கு வரும் ஆபத்துதான் பெரிது.

கேள்வி: குட்டியிலிருந்து அது வளர்வதைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். எப்படி வளரும்? எவ்வளவு காலம் ஆகும்? (கல்லூரி மாணவர், ஈரோடு)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஏற்றுக்கொண்டேன்.

வந்தபோது அவள் உடம்பு ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. சிறு மருந்துக் குப்பியில் கொஞ்சம் ஈரமண், அதற்குள் அவள். இன்று கால்களை விரித்தால் 14 சென்டிமீட்டர். ஆனால் இடைப்பட்ட காலத்தில் எந்த நாளிலும் அவள் வளர்ந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளித்தோல் கெட்டியான ஓடு, அது விரியாது. தின்றால் வயிறு மட்டும் பருக்கும். வளர்த்தி முழுவதும் தோல் உரிக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வெளிப்படும். குஞ்சாக இருக்கும்போது ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும். பெரிதாகப் பெரிதாக இடைவெளி நீளும். வளர்ந்த பெண் ஆண்டுக்கு ஒருமுறை உரித்தால் உண்டு. இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு.

முதல் அறிகுறி, சாப்பாட்டை மறுப்பாள். சுவர்க்கோழியைப் போட்டால் காலால் தள்ளிவிடுவாள், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். அடுத்தது வயிற்றைப் பார்க்க வேண்டும். முடி உதிர்ந்து வழுக்கையான இடம் மற்ற நாட்களில் வெளிர்நிறமாக இருக்கும். அது மெல்ல மெல்லக் கருத்துவிடும். உள்ளே புதுத் தோலும் புது முடியும் தயாராகி, பழைய தோலின் வழியே தெரியும் கருப்பு அது. இந்த நிலை வந்ததும் பெட்டியில் மிச்சமுள்ள பூச்சிகளை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவைக்கிறேன். தோல் உரிக்கும் சிலந்தியால் அசைய முடியாது. சுவர்க்கோழி அவளையே கடித்துத் தின்றுவிடும்.

பிறகு தரையில் பட்டிழையால் பாய் விரித்து, மல்லாந்து படுப்பாள். முதல்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் டாரண்டுலா பெரும்பாலும் குப்புறவே கிடக்கும், கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொண்டு. காலை மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை இல்லை, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. உயிர் போகும்போது அழுத்தம் போய்விடும், கால் சுருண்டுவிடும். ஆகவே மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

தலைப்பகுதியின் மூடி முதலில் கழலும். பிறகு வயிற்றின் பக்கவாட்டில் கிழியும். அதன் பின் எட்டுக் கால்களையும் வாயருகே உள்ள இரண்டு உணர்காலையும் ஒரே சமயத்தில், துடித்துத் துடித்து, பழைய உறையிலிருந்து இழுப்பாள். குஞ்சுக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது செங்கமலத்துக்கு ஓர் இரவு முழுவதும் ஆகிறது. சிவப்பு விளக்கு ஒன்றைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, என் மூச்சு கண்ணாடியில் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பேன். உரிந்து வருவது வெளித்தோல் மட்டும் அல்ல: விஷப்பல்லின் உறை, உறிஞ்சும் இரைப்பையின் உள்பூச்சு, நுரையீரல் ஏடுகளின் பூச்சு, எட்டுக் கண்களின் மேல்மூடி, எல்லாம் வரும். ஒருமுறை கால் ஒன்று ஒடிந்திருந்தது. அடுத்த உரிப்பில் மெலிந்த சிறு கால் முளைத்தது; அதற்கடுத்ததில் மற்ற கால்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

உரித்து முடித்ததும் அவள் பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, பிறகு கருக்கும். கருக்கும்வரை இரை போடக் கூடாது. மென்பல்லால் கடித்தால் பல்லே போய்விடும். வளர்ந்தவளுக்கு நான் இரண்டு வாரம் விட்டுத்தான் போடுகிறேன்.

பழைய தோலைத் தூக்கி எறியாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்து, முன் இரண்டு நுரையீரல் தடங்களுக்கு நடுவே லென்சால் பாருங்கள். ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் பையின் மடிப்பு இருந்தால் பெண். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைக் கண்ட நாளில்தான் அவளுக்குச் செங்கமலம் என்று பெயர் வைத்தோம். ஆணா பெண்ணா என்பது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. ஆண் கடைசியாகத் தோல் உரிக்கும்போது முன்கால்களில் கொக்கி முளைக்கும், உணர்கால் நுனி குமிழாகும். பிறகு இரை மறந்து துணை தேடி அலைந்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் ஆயுள் முடிந்துவிடும். பெண் பருவத்துக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். இருபது ஆண்டுக்கு மேலும் வாழும்.

கேள்வி: அதற்கு உங்களை அடையாளம் தெரியுமா? (வாசகர், சேலம்)

தெரியாது. கண் எட்டு இருந்தும் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். காலிலுள்ள முடிகளால் அதிர்வை அறிகிறாள். நான் நடந்து வருவது அவளுக்கு ஓர் அதிர்வு, அவ்வளவே. எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் பழைய மரப்பொந்துகளில் உள்ளங்கை அகலச் சிலந்திகள் இருக்கின்றன. பிடித்து வளர்க்கலாமா? (வாசகர், வவுனியா)

வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்தது பொசிலோதீரியா என்ற பேரினமாக இருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள மரவாழ் டாரண்டுலாக்கள் அவை. உங்கள் பக்கத்து மாங்குளத்தில் கிடைத்த ராஜேய் என்ற இனத்தை 2012-இல்தான் அறிவியலில் பதிந்தார்கள். இவற்றுக்கு முள்முடி கிடையாது. ஓட்டமும் கடியும்தான் தற்காப்பு. கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும். செங்கமலத்தோடு இவற்றைச் சேர்த்துப் பேசவே கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆந்திரத்தின் குத்தி (Gooty) ரயில் நிலையத்தில், மரக்கட்டைகளோடு வந்த ஒரு நீலச் சிலந்தியை வைத்து 1899-இல் போகாக் என்ற அறிஞர் இதே பேரினத்தின் மெட்டாலிகா இனத்தை விவரித்தார். பிறகு நூறாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில் மீண்டும் கிடைத்தது. அந்தச் சிறு காடு அழிந்தால் இனமே அழியும் என்ற நிலை. 2019-இல் இந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய மரத்தை வெட்டாமல் விட்டாலே இவற்றுக்குப் பெரிய உதவி.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் டாரண்டுலா வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? (தாய், கோவை)

வாங்க வேண்டாம் அம்மா. செங்கமலத்தின் இனமும் சைட்டீஸ் பட்டியலில் இருப்பது. அந்தப் பட்டியலிலுள்ள உயிரினத்தை வைத்திருந்தால் 2022 வனவிலங்குத் திருத்தச் சட்டப்படி அரசிடம் பதிய வேண்டும். காகிதம் இல்லாமல் தபாலில் வரும் குஞ்சுகளில் எத்தனை காட்டிலிருந்து திருடப்பட்டவை என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் மகனின் ஆசையை அப்படியே விட்டுவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மண்சரிவுகளிலும் டாரண்டுலா குடும்பத்தின் பொந்துகள் உண்டு. வாசலில் பட்டிழை விரித்திருக்கும். மழைக்குப் பிறகு, அனுமதி உள்ள இடத்தில், பெரியவர் ஒருவரோடு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு போகட்டும். தோண்டக் கூடாது, குச்சியால் குத்தக் கூடாது. இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்தால், இருட்டியதும் முன்கால்கள் வாசலுக்கு வரும். நோட்டில் தேதியும் பொந்தின் அகலமும் எழுதிவைத்து, அடுத்த மழைக்காலத்தில் அதே பொந்தை அளக்கச் சொல்லுங்கள்.