டெல்டா மாவட்ட அரசுக் கட்டடங்களுக்குப் புவிவெப்பக் குளிரூட்டல்: பணத்துக்கு என்ன வழி, டெண்டர் எப்படி விடுவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் அரசுக் கட்டடங்களில் புவிவெப்பக் குளிரூட்டல் (கட்டடத்தின் வெப்பத்தை ஆழ்துளைக் குழாய்களில் சுற்றும் நீர் வழியாக மண்ணுக்குள் விடும் முறை) அமைப்பதற்கு நிதி எங்கிருந்து வரும், ஒப்பந்தப்புள்ளியை எப்படிக் கோருவது என்று கேட்டிருக்கிறீர்கள். மின்பணிகளுக்கு மதிப்பீடு தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கட்டடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

குளிர்நாடுகளில் கோடையில் மண்ணுக்குள் விட்ட வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அறையைச் சூடேற்றும் தேவையே இல்லாததால் வெப்பம் ஆண்டு முழுவதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே 28, 29 டிகிரியில் இருக்கும் மண் மேலும் சூடேறச் சூடேற, மின்சாரச் சேமிப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே வெந்நீர்த் தேவையும் இல்லாமல், குளிரூட்டும் நேரமும் குறைவாக, மாலையில் பூட்டிவிடும் தாலுகா அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவும் பகலும் குளிரூட்டலும், கூடவே வெந்நீரும் வேண்டியிருக்கும் பெரிய மருத்துவமனைக்குத்தான் கணக்கு ஒத்துவரும். கழிவு வெப்பத்தில் ஒரு பகுதி அங்கே வெந்நீராகிவிடும்.

நிதியில் உள்ள சிக்கல், கட்டுமானச் செலவு ஒரு கணக்குத் தலைப்பிலும் மின்கட்டணம் வேறொன்றிலும் இருப்பதுதான். செலவழிக்கும் துறைக்குச் சேமிப்பு திரும்பி வருவதில்லை. எஸ்கோ எனப்படும் எரிசக்திச் சேவை நிறுவனம் முதலீடு செய்து, அளந்து உறுதிசெய்த சேமிப்பிலிருந்து தவணையாகப் பெற்றுக்கொள்ளும் முறை இதற்குப் பொருந்தும். அமெரிக்கக் கூட்டரசு அலுவலகங்கள் இத்தகைய ஒப்பந்தங்களை 25 ஆண்டுகள் வரை போடலாம். நம்மிடம் தவணை தடைபடாமலிருக்கத் அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் தனிக் காப்புக் கணக்கு ஒன்றை நிபந்தனையாக்குவது நல்லது. அது இல்லாவிட்டால் எந்த நிறுவனமும் துணிந்து வராது.

டெண்டரை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, ஒரே ஒரு சோதனை ஆழ்துளையும் மண்ணின் வெப்பக் கடத்தல் சோதனையும் மட்டும். குழாயில் சூடான நீரைச் சுற்றவிட்டு, போகும் வெப்பநிலையையும் திரும்பும் வெப்பநிலையையும் குறைந்தது 48 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மண் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். ஆதலால் ஜெனரேட்டரையும் மதிப்பீட்டில் தனி இனமாகச் சேருங்கள். இந்த முடிவு கையில் இல்லாமல் முழு வேலைக்கு விலை கேட்டால், ஆழத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் ஒப்பந்ததாரர்கள் ஊகமாகத்தான் போடுவார்கள். இரண்டாவது, முழு வேலை, தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறைகளில் பெறும் இரு உறை முறையில். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஆவணத்தில் சொன்ன அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதால், ஆயுட்கால மின்செலவையும் விலையோடு சேர்த்து ஒப்பிடுவோம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடியதற்குப் பிறகு துளையிடும் லாரி வந்து நின்றாலே ஊர் திரண்டுவிடும், அதில் நியாயமும் உண்டு. 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் இங்கே தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துளைகளை. மூடிய குழாயில் நீர் சுற்றும் இந்தத் துளை அந்த வகையில் சேராது. இருந்தாலும் துளையின் ஆழத்தையும் நோக்கத்தையும் எழுதிய பலகையை வேலை தொடங்கும் முன்பே வாசலில் வைப்பதை ஒப்பந்த நிபந்தனையாக்குங்கள்.