மூன்று வோல்ட்டை நம்பிப் படிக்கலாமா?

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், ஓஎல்இடியை (செல்பேசி, டிவி திரைகளில் இருக்கும், மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலம்) குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரவைக்கும் ஆய்வுக்குப் போக விரும்புவதாகவும், ‘பல்பு செய்யவா இத்தனை வருடப் படிப்பு, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா’ என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். மின்வாரியத்தில் காலமெல்லாம் பணியாற்றியவர் நீங்கள் என்பதால் வோல்ட் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

1960களில் ஆந்த்ரசீன் என்ற கரிமப் பொருளின் படிகத்தை ஒளிரவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. படிகம் தடிமனாக இருந்ததோடு, மின்முனையிலிருந்து மின்சுமை அதற்குள் எளிதில் நுழையவும் இல்லை. 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, மொத்தத் தடிமனை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கி, 10 வோல்ட்டுக்குள் ஒளிரச் செய்தார்கள். பின்னர் மின்சுமையைக் கடத்தும் படலங்களில் வேறு பொருளைச் சிறிதளவு கலந்தும், எதிர்மின்முனைக்கு அடியில் லித்தியம் ஃபுளோரைடை மிக மெல்லியதாகப் பூசியும் அந்த அளவு மூன்று வோல்ட் பக்கம் இறக்கப்பட்டது. பச்சை ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது ஓர் எலெக்ட்ரானுக்கு 2.4 வோல்ட் தரும் ஆற்றல் என்பதால், 2.4 வோல்ட்டுக்குக் கீழே போவது கடினம் என்றே தோன்றும். ஆனால் அதைவிட ஆற்றல் மிகுந்த நீல ஒளியையே 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.47 வோல்ட்டில் தொடங்கவைத்தார்கள். மூலக்கூறுகள் ஆற்றலை ஏற்றுக் கிளர்ந்திருக்கும் நிலைகளில், ஆற்றல் குறைந்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கும் உத்தி அது. டார்ச் லைட்டில் போடும் ஒரே ஒரு செல் போதும், அண்ணாச்சி!

ஆகவே இது பல்பு வேலை அன்று. இரண்டு பொருள்கள் தொடும் இடத்தில் மின்சுமை ஏன் தயங்குகிறது என்று தேடும் வேலை. கையில் சம்பளம் சீக்கிரம் வராது என்பதையும் மறைக்க மாட்டேன். ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் தென்கொரியாவிலும் சீனாவிலும் தயாராகின்றன. இங்கே முனைவர் பட்டம் வரை போனால்தான் இத்துறையில் காலூன்ற முடியும். ஆனால் வெற்றிடத்தில் படலம் படியவைக்கக் கற்ற கை சூரிய மின்கலத்துக்கும் குறைகடத்தித் துறைக்கும் உதவும். முதலில் ஐஐடி எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வை எழுதட்டும். பி.எட். எங்கும் ஓடிப்போகாது.

துணைப்பாடமான வேதியியலில் அவள் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாள் என்று கேட்டு எழுதுங்கள். இயற்பியல் மதிப்பெண்ணைவிட அதைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறேன்.