பல வருடம் பேசியும் ஆங்கிலத்தில் அதே தப்பு ஏன் வருகிறது?

‘பத்து வருடமாக வேலையில் இங்கிலீஷ் பேசுகிறேன். இன்னும் “டிட் நாட் கம்” வராமல் “டிட் நாட் கேம்” என்றுதான் வாயில் வருகிறது, ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். துறைமுகப் பக்கம் கன்டெய்னர் வேலை பார்க்கும் ஒருவர் வகுப்பு நடுவில் போனை எடுத்து, ‘சார், டிரைவர் டிட் நாட் கேம்’ என்றார். எதிர்முனையில் ‘ஓகே, டுமாரோ’. வேலை முடிந்தது. யார் திருத்துவார்கள்? புரிந்துவிட்டால் மூளையும் அதையே சரி என்று வைத்துக்கொள்கிறது. இப்படித் தப்பு கெட்டிப்பட்டுப் போவதற்கு 1972-இல் மொழியியலாளர் லாரி செலின்கர் ‘ஃபாசிலைசேஷன்’ என்று பெயர் வைத்தார். புதைபடிவம் மாதிரி.

எல்லாப் பழியையும் தமிழ்மேல் போடாதீர்கள். ‘தி’ விட்டுப்போவதற்குத் தமிழ் காரணம்தான், நம்மிடம் அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆனால் ‘ஷி கோஸ்’ என்பதை ‘ஷி கோ’ என்பது? போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றுகிறவர்கள் நாம்! அந்த ‘ஸ்’ இல்லாமலும் பொருள் புரிகிறது, அதனால் காது அதைக் கவனிப்பதில்லை. ‘டிட் நாட் கேம்’ வகைத் தப்பை இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் செய்வார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள்.

விதியை மனப்பாடம் செய்து பயனில்லை, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு தப்பை எடுங்கள். நீங்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் கேட்கக் கூச்சமாக இருக்கும்.