மடக்காத கத்தி: கனத்தைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள்

கேள்வி: ராணுவப் பணிக்கும் காட்டு முகாமுக்கும் ஒரே கத்தியாக வாங்க நினைக்கிறேன். மடக்குக் கத்திகளின் கீல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. பெரிதாக, கனமாக வாங்கினால் நெடுநாள் உழைக்குமா?

பதில்: மடக்காத கத்தி என்ற முடிவு சரி. ஆனால் கனம் உறுதிக்கு உத்தரவாதம் இல்லை. கத்தி பெரும்பாலும் உடைவது அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில்தான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது பிடிக்குள் போகும் வால் பகுதியை.

பிடியின் இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவே, அலகின் அதே அகலத்தில் ஸ்டீல் கடைசிவரை ஓடினால் அது ஃபுல் டாங். முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கும் எண்ணம் இருந்தால் இதையே வாங்குங்கள். ஒல்லி வால் உள்ளதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். 1942-ல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கேபார் கத்திக்கு ஒல்லி வால்தான். உலகப் போரில் அது நன்றாகவே உழைத்தது. அப்படிப்பட்ட கத்தியில் அலகு குறுகி வாலாக மாறும் மூலை எப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளரின் படத்தில் பாருங்கள். செங்கோணமாக வெட்டியிருந்தால் அடியின் அழுத்தம் முழுக்க அந்த மூலையில் குவிந்து விரிசல் அங்கேயே தொடங்கும். வளைவாக இழைத்திருந்தால் அழுத்தம் பரவிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, 10 முதல் 13 சென்டிமீட்டர் அலகு போதும். சுவீடன் விமானப்படை விமானிகளுக்கான ஃபால்க்நிவன் எஃப்1 கத்தியின் அலகு 10 சென்டிமீட்டர்கூட இல்லை, தடிமன் 4.5 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கயிறு அறுப்பது, குச்சி சீவுவது போன்ற தினசரி வேலைகள் சிரமமாகிவிடும்.

அடுத்து ஸ்டீல். 1095 கார்பன் ஸ்டீல் அடி தாங்கும், சாதாரணக் கல்லிலேயே கூராகும்; ஆனால் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். கடலோரம், சதுப்பு, ஓயாத மழை என்றால் 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் நல்லது. டி2 என்ற ஸ்டீலில் நீண்ட நாள் கூர் நிற்கும், ஆனால் பலமான அடியில் வாய் பெயர்ந்துபோக வாய்ப்பு அதிகம். முரட்டு வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எந்த ஸ்டீலாக இருந்தாலும் பதப்படுத்திய விதம்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 என்று போட்டிருந்தால் இந்த வேலைக்குப் பொருத்தம். கடினம் ஏற ஏறக் கூர் நிற்கும். கூடவே உடையும் குணமும் ஏறும்.

அப்புறம் உறை. தோல் உறை சத்தம் போடாது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த தோலுக்குள் கார்பன் ஸ்டீல் கத்தியை விட்டுவைக்கக் கூடாது. கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் உள்ளே மணல் போனால் அலகைக் கீறும். அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியை உறையில் போட்டு, ஆள் இல்லாத பக்கமாகத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கழன்று விழுந்தாலோ கடகடவென்று ஆடினாலோ வேறு உறை பாருங்கள்.