விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. பால் புட்டியை வாயில் வைத்தபடியேதான் தூங்குவாள். மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்பாக இருக்கிறது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- வாசகி, தருமபுரி

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். இரும்புச்சத்து டானிக் குடித்தாலும் பல்லில் கறை படியும். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் சொத்தையாகத்தான் தெரிகிறது. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும். வாயில் நிற்கும் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். மேலுதட்டைத் தூக்கி, பல்லைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக இருந்தால் அது முதல் கட்டம். பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு மருந்தை டாக்டரிடம் பூசி நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பெரும்பாலும் அடைக்க வேண்டிவரும்.

முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 - 12 வயது வரை நிற்க வேண்டியவை. பால் பல்லின் எனாமல் மெல்லியது, சில மாதங்களிலேயே சொத்தை நரம்பைத் தொட்டுவிடும். வலி தாங்காமல் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் பிடுங்கினால், பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல் கோணலாகத்தான் முளைக்கும்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடே தூங்காது. தினமும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு. குழந்தைகளுக்கான சில பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே கிடையாது, அட்டையில் 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். போர் தண்ணீர் குடிப்பவர்கள் என்றால், ஃபுளோரைடு அளவுக்கு மீறாமலிருக்க அதை டாக்டரிடம் சொல்லி, அவரைக் கேட்டு பேஸ்ட் வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. கடைசிப் பல்லில் கறுப்புக் குழி. அந்த இடத்தில் இன்னும் பல்லே விழவில்லை, ஆகவே அது பால் பல்தானே?

பதில்: இல்லை. நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களும் பால் பற்களுக்கு உரியவை, ஆறாவது நிரந்தரப் பல். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமல், பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். இது போனால் வேறு வராது. மேற்புறப் பள்ளங்களில் சோறும் பிஸ்கட்டும் ஒட்டிக்கொள்ளும், பிரஷ் நுனி உள்ளே எட்டாது. குழி விழுந்ததை அடைத்துவிட்டு, மேலும் கீழும் இரு பக்கமும் உள்ள ஆறாவது பற்களில் சொத்தையில்லாத மற்ற மூன்றுக்கும், பள்ளங்களை மூடும் பூச்சான 'சீலன்ட்' பூசச் சொல்லிக் கேளுங்கள். சீலன்ட் பூச ஊசி, வலி எதுவும் இல்லை.

கேள்வி: பல் டாக்டர் என்றாலே மகள் அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: "ஊசி போட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள், அதுவரை நினைக்காத ஊசி அப்போதுதான் மனதில் ஏறும். "பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்றால் போதும். நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரமாகப் பாருங்கள். மூன்று வயதுக்குள் என்றால் நாற்காலியே வேண்டாம். நீங்களும் டாக்டரும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையை உங்கள் பக்கம் காலை வைத்து, தலை டாக்டர் மடியில் வரும்படி சாய்த்துவிடலாம். படுத்தபடியே உங்கள் முகம் தெரியும்.