நீலத் தண்ணீர் குடிக்கும் பேட்: நாய்க்குட்டி வாங்கியோரின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதற்காகத் தரையில் விரிக்கும் பேட்களைப் பற்றியவை என்பதால், கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து 45 நாள் லாப்ரடார் குட்டி வாங்கினேன். 'பேட் பயிற்சி முடிந்தது' என்று சொல்லி 3,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். இப்போது வீடெங்கும் ஈரம். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு குட்டி எத்தனை மாத வயதோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கக்கூடிய உச்ச வரம்பு என்பது நாய் வளர்ப்போரிடம் உள்ள கணக்கு. ஒன்றரை மாதக் குட்டிக்கு அதுவே இரண்டரை மணி நேரம், விழித்து விளையாடும் வேளையில் அதிலும் குறைவு. அந்த வயதில் பயிற்சி 'முடிந்த' குட்டி எங்கும் கிடையாது. மேலும், 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. '45 நாள் குட்டி' என்பது நம் ஊரில் ஏதோ மரபுபோல் சொல்லப்படுகிறதே தவிர, அது சட்டத்துக்குப் புறம்பான விற்பனை.

விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றைச் சேமித்துக்கொண்டு முதலில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இதற்கிடையே, தடுப்பூசித் தவணைகள் முடிய ஏறத்தாழ 16 வாரம் ஆகும். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய, மண்ணில் நெடுநாள் உயிர்த்திருக்கும் பார்வோ கிருமியைக் கருதி, அதுவரை குட்டியைத் தெருவில் இறக்காமல் பேட்டையே நம்பியிருங்கள்.

கேள்வி: 33×45 செ.மீ. அளவில் 100 பேட் 999 ரூபாய், 60×90 செ.மீ. அளவில் 40 பேட் 1,199 ரூபாய். முதலாவதுதானே மலிவு? விளம்பரத்தில் ஒரு சொம்பு நீலத் தண்ணீரை ஊற்றினாலும் அது குடித்துவிடுகிறது. (குரோம்பேட்டை வாசகி)

பதில்: மலிவு இல்லை. நூறு சிறிய பேட்களின் மொத்தப் பரப்பு 1,48,500 சதுர செ.மீ.; நாற்பது பெரியவற்றின் பரப்பு 2,16,000. ஆயிரம் சதுர செ.மீ.க்கு முதலாவதில் 6 ரூபாய் 73 காசும் இரண்டாவதில் 5 ரூபாய் 55 காசும் ஆகின்றன. அத்துடன், முன்னங்கால் இரண்டையும் பேட்டின் மேல் வைத்துவிட்டால் தன் கடமை முடிந்ததாக நம்பி, பின்பக்கத்தைத் தரைக்கு நீட்டிவிடுவது குட்டிகளின் வழக்கம் என்பதால், சிறியதை வாங்குவோர் விரைவிலேயே இரண்டிரண்டாக விரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நீலத் தண்ணீரைப் பற்றி நெடுநாளாக எனக்கு ஓர் ஆத்திரம் உண்டு, நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். பேட்டுக்குள் இருப்பவை மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடியும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும்தான். குழந்தைகளின் டயப்பரிலும் இவையே உள்ளன. இந்தப் பொடி, உப்பே இல்லாத தூய நீரைத் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். ஆனால் உப்பு கலந்துவிட்டால் அந்தத் திறன் சில பத்து மடங்குக்குச் சரிந்துவிடும். சிறுநீர் உப்பு நீர் என்பது விளம்பரம் எடுப்பவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வெறும் தண்ணீரில் சாயத்தைக் கலந்து, அதையும் மெதுவாக, பேட்டின் நடுவில் வட்டமிட்டு ஊற்றுகிறார்கள். வீட்டில் நீங்கள் 200 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அதில் பாதியைப் பேட்டின் ஓரத்தை ஒட்டி ஒரே இடத்தில் சட்டென்று ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு டிஷ்யூ தாளை வைத்து அழுத்தினால், தாள் நனைகிறதா என்பதிலேயே அந்தப் பேட்டின் தரம் தெரிந்துவிடும். உறையில் 'எல்', 'எக்ஸ்எல்', 'ஜம்போ' என்று எழுதியிருப்பதற்கு நிலையான அளவு எதுவும் கிடையாது. அளவு முக்கியமான பொருளுக்கு அதன் நீள அகலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன, ஆகவே சென்டிமீட்டர் அச்சிடப்படாத உறையைத் தொடாதீர்கள்.

கேள்வி: பேட்டின் மேல் அடித்தால் குட்டி தானாகவே அங்கே வந்துவிடும் என்று ஒரு ஸ்பிரே விற்கிறார்களே, வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். 450 ரூபாய் கொடுத்து நான் வாங்கினேன். எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி அதை முகர்ந்து, இரண்டு முறை தும்மி, நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. பழைய பேட்டில் நனைந்த பகுதியைச் சிறிதளவு வெட்டிப் புதிய பேட்டின் அடியில் வைத்தால், அதே வேலை செலவில்லாமல் நடக்கும்.

கேள்வி: மூன்று பிராண்டுகள் மாற்றிவிட்டேன். குட்டி பேட்டை விட்டுவிட்டுக் கால்மிதியில்தான் போகிறது. பினாயில் போட்டுத் துடைத்தாலும் மறுபடி அதே இடம். போலிப் பேட்டை விற்றுவிட்டார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: பேட்டின் மேல் பழி போடாதீர்கள். காலுக்கு மெத்தென்று படும் இடமே கழிப்பிடம் என்று உங்கள் குட்டி கற்றுக்கொண்டிருக்கிறது, உங்கள் கால்மிதியும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு எல்லாக் கால்மிதிகளையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், விளையாட்டு முடிந்ததும் குட்டியைப் பேட்டுக்குக் கொண்டுபோங்கள். அது முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் கொடுங்கள், சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் அது எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்கு மறந்துவிடும். பினாயில் மணம் நம் மூக்குக்குத்தான் திரை. நாயின் மூக்குக்குச் சிறுநீர் வாடை அப்படியேதான் இருக்கும். போதாக்குறைக்கு, தரையையும் தன் பாதத்தையும் நக்கும் குட்டிக்கு ஃபீனால் கலந்த திரவங்கள் கேடு. சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் என்று கேட்டு வாங்குங்கள். இவற்றில் எதையும் செய்யாமல் நான்காவது பிராண்டு வாங்குவதாக இருந்தால் எனக்கு மீண்டும் எழுத வேண்டாம்.

கேள்வி: உறையில் பச்சை இலைப் படம் இருக்கிறது. பயன்படுத்திய பேட்டைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: கூடாது. இலைப் படத்துக்கு உள்ளே இருப்பது பிளாஸ்டிக்.

கேள்வி: இணையக் கடையில் ஆஃபரில் 300 பேட் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் முதல் பொட்டலத்தில் எல்லாமே அடியில் ஒழுகுகின்றன. ஏழு நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும் என்கிறார் விற்பனையாளர். (அடையாறு வாசகர்)

பதில்: ஒரு பேட்டைக்கூடச் சோதிக்காமல் முந்நூறு வாங்கினீர்களா என்று திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் இருநூறு வாங்கிவிட்டு, குட்டி மொட்டை மாடிக்குப் பழகிய பிறகு மிஞ்சியவற்றை ஒழுகும் ஃபிரிட்ஜுக்கு அடியில் விரித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏழு நாள் என்பது மனம் மாறித் திருப்புவோருக்காக விற்பனையாளர் வகுத்துக்கொண்ட கெடு. குறையுள்ள பொருளை விற்ற பொறுப்பு எட்டாம் நாளில் அவரை விட்டு நீங்கிவிடாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அந்த இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் கத்திக்கொண்டிராமல் அவருக்கே எழுதுங்கள். மீதிப் பொட்டலங்களைப் பிரிக்காதீர்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். வழக்கு ஆணையம் வரை போனால், முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப அவற்றிலிருந்துதான் மாதிரி எடுப்பார்கள்.